‘என்றாள்’ வருவதற்குள்: நாவல் ஒலிநூலில் குரலும் ஒலிப்பதிவும்

“இந்த நேரத்துல எங்கே கிளம்பிட்டே?” என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டாள் மரகதம்.

அச்சில் இந்த வரியைப் படிப்பவருக்கு ஒரு சிரமமும் இல்லை. மேற்கோள் குறி கண்ணில் படுகிறது. வரிக் கடைசியில் இருக்கும் மரகதத்தின் பெயரும் ஓரக்கண்ணில் விழுந்துவிடுகிறது. ஒலிநூல் கேட்பவருக்கு இந்த இரண்டும் கிடையாது. தமிழில் வினை கடைசியில் வருவது இயல்பு. பேசியது ஆணா பெண்ணா, கோபமா கேலியா, நின்றா உட்கார்ந்தா என்பதெல்லாம் பேச்சு முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறது. வரியின் முடிவில் “என்று முணுமுணுத்தான்” இருப்பதைப் பார்க்காமல் அந்த வசனத்தை உரக்கச் சொல்லிவிட்ட வாசிப்பாளர் அந்த வரியை மறுபடி பதிவு செய்யத்தான் வேண்டும்.

புனைகதை ஒலிநூலின் சுகமும் எரிச்சலும் பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான் தீர்மானமாகின்றன. கேட்பவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டோ பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டோ இருப்பார். ‘யார் பேசினது?’ என்ற சந்தேகத்தில் ஒருமுறை 15 விநாடி பின்னால் போவார், இரண்டாம் முறையும் போவார். மூன்றாம் முறை வேறு புத்தகத்துக்குப் போய்விடுவார். நல்ல குரல் வளம் என்று எல்லோரும் புகழ்வது இதற்கெல்லாம் அடுத்தபடிதான்.

மைக்கை இயக்கும் முன்னால் நாவலை முழுதாக ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பது தொழிலின் முதல் விதி. மீறப்படுவதும் இதுதான் அதிகம். முதல் அத்தியாயத்தில் ஒரு கணக்குப்பிள்ளைக்குக் கணீர்க் குரல் கொடுத்தாயிற்று. 20-ஆம் அத்தியாயத்தில் ஆசிரியர் “அவருடைய வழக்கமான கீச்சுக்குரலில்” என்று எழுதியிருக்கிறார். இப்போது ஒன்று பழைய 19 அத்தியாயங்களிலும் கணக்குப்பிள்ளை பேசும் இடங்களைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பதிய வேண்டும், அல்லது கேட்பவர் கவனிக்க மாட்டார் என்று நம்ப வேண்டும். கேட்பவர் கவனிப்பார்.

முதல் வாசிப்பிலேயே ஒரு பட்டியல் தயாராகும். பாத்திரத்தின் பெயர், வயது, ஊர், பேச்சின் வேகம், யாரை எப்படி அழைப்பார், குரலைப் பற்றி ஆசிரியரே ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்பவை அதில் இருக்கும். பதிவு தொடங்கியதும் ஒவ்வொரு பாத்திரமும் முதலில் பேசும் 10 விநாடியைத் தனியாக வெட்டி ஒரு கோப்பில் சேர்த்துவைப்பார்கள். 3-ஆம் அத்தியாயத்தில் வந்துபோன மாமா 31-இல் திரும்பி வரும்போது அந்தத் துண்டைக் கேட்டுவிட்டுப் பேசினால் அதே மாமா வருவார். நினைவை நம்பிப் பேசினால் அவருடைய தம்பி வருவார்.

தமிழுக்கென்றே இன்னொரு பட்டியலும் வேண்டும். க, ச, ட, த, ப என்ற எழுத்துகள் எங்கே வல்லென்று ஒலிக்கும், எங்கே மெலிந்து ஒலிக்கும் என்பதை நம் எழுத்துமுறை காட்டாது. தமிழ்ச் சொற்களில் இடத்தை வைத்தே நாக்கு சரியாகச் சொல்லிவிடும். வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் வரும்போதுதான் தடுக்கும். “பாட்டில் ஒன்றுமில்லை” என்றால் இசை விமரிசனமா, காலியான புட்டியா? விளையாடும் பந்தும் கல்யாணத்துக்கு வரும் பந்துவும் ஒரே எழுத்துகள்தான். ‘ஃ’ போட மறந்த பதிப்பில் “தலைக்கு மேலே பேன் சுற்றிக்கொண்டிருந்தது” என்று இருந்தால் முதல் பார்வையில் சிரித்துவிட்டு இரண்டாவது டேக் எடுக்க வேண்டியிருக்கும். ஊர்ப் பெயர், சாதிப் பட்டம், பூ, மீன், வயல் வேலைச் சொற்கள் எல்லாவற்றையும் உச்சரிப்போடு எழுதிவைத்து, ஆசிரியர் இருந்தால் அவரிடமும் இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு கிராமத்தின் பெயரைத் தப்பாகச் சொன்னால் அந்த வட்டாரத்துக்காரர் புத்தகம் முழுவதையுமே நம்ப மாட்டார்.

இரண்டு தமிழும் ஒரே வாயில்

ஆங்கில ஒலிநூலைப் பற்றிய கையேடுகள் தொடாத சிக்கல் ஒன்று நமக்கு உண்டு. கதை சொல்வது எழுத்துத் தமிழில், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழில். அரை நிமிடத்துக்குள் “அவன் எழுந்து வெளியே வந்துகொண்டிருந்தான்” என்றும் “எங்கடா போயிட்டு வரே?” என்றும் ஒரே ஆள் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தை ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னால் மாநிலச் செய்திகள் கேட்கிறது. பேச்சு வழக்குக்கு இழுத்துவிட்டாலோ ஆசிரியரின் நடை போய்விடுகிறது. தேர்ந்தவர்கள் எழுத்தை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் மாற்றுகிறார்கள். ‘வந்தான்’ என்பதில் கடைசி ‘ன்’ நாக்கில் முழுதாக ஒட்டாமல் மூக்கில் கரைகிறது. ‘கொண்டிருந்தான்’ என்ற நீளச் சொல்லின் நடுப்பகுதி சற்றே ஓடிவிடுகிறது. எழுதியது எழுதியபடி இருக்கும், கேட்க மட்டும் ஒருவர் உட்கார்ந்து சொல்வது போலிருக்கும்.

1940, 50-களின் சமூக நாவல்களில் உரையாடலே எழுத்துத் தமிழில் இருப்பதுண்டு. “நான் போய்விட்டு வருகிறேன், அம்மா” என்று கல்லூரி மாணவன் சொல்வான். சரித்திர நாவலில் இது பொருத்தமாகவே ஒலிக்கும். அடுக்களைக் காட்சியில் மேடை நாடகமாகிவிடும். வசனத்தை ‘போயிட்டு வரேம்மா’ என்று மாற்றலாமா? உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கூடாது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களும் இருக்கிறார்கள். வார்த்தையைத் தொடாமல் இசையை மட்டும் வீட்டுப் பேச்சாக்குவதுதான் வழி. அதற்குப் பயிற்சி வேண்டும், ஆனால் முடியும்.

வட்டார வழக்கில் ஆபத்து வேறு விதம். கொங்குப் பேச்சென்றால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ங்க’வை நீட்டுவதும், நெல்லை என்றால் ‘ஏலே’யைக் கத்துவதும், சென்னை என்றால் மூக்கால் பேசுவதும் சினிமா நகைச்சுவைக் காட்சிகளிலிருந்து வந்த பழக்கம். அந்த ஊர்க்காரர் அப்படிப் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்து நாவலை இந்திய வாசிப்பாளர் எடுத்தால் ‘கதைக்கிறது’, ‘நீர்’ போன்ற சொற்களைவிட வாக்கியம் ஏறி இறங்கும் முறைதான் காட்டிக்கொடுக்கும். முடிந்தவரை அந்த மண்ணின் குரலையே தேடுவது உத்தமம். முடியாவிட்டால் சொல்லை மட்டும் சரியாக உச்சரித்து ஏற்ற இறக்கத்தை நடுநிலையில் வைப்பது, அரைகுறையாகப் பாவனை செய்வதைவிட மரியாதையானது.

எத்தனை குரல் வேண்டும்?

ஒரே வாசிப்பாளர் பல பாத்திரங்களைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்றதும் முதலில் கை போவது சுருதிக்கு. ஆண் வாசிப்பாளர் பெண் பாத்திரத்துக்குக் குரலை உயர்த்துவார், அது பகடியாகிவிடும். துயரக் காட்சியில்கூடக் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். சுருதியை விட்டுவிட்டு வேகம், மூச்சு, இடைவெளி, சொல்லை முடிக்கும் விதம் ஆகியவற்றை மாற்றுவதுதான் நிலைத்து நிற்கும்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ இதற்கு நல்ல சோதனைக் களம். ஆழ்வார்க்கடியானைப் பிரித்துக் காட்டுவது எளிது, அவன் பேச்சே ஆர்ப்பாட்டம். நந்தினியும் குந்தவையும் நேருக்கு நேர் பேசும் இடம்தான் கடினம். இருவரும் இளம் பெண்கள், இருவரும் அரண்மனைத் தமிழ் பேசுகிறவர்கள், இருவரும் மனத்தில் இருப்பதைச் சொல்லாதவர்கள். நந்தினி ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அரை நொடி யோசிப்பவளாகவும், குந்தவை யோசித்து முடித்துவிட்டுப் பேசுபவளாகவும் வாசித்தால் குரலை மாற்றாமலே இரண்டு பெண்கள் கிடைப்பார்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது; அதனால் இந்த நாவலை ஒற்றைக் குரலிலும், பாம்பே கண்ணன் தயாரித்ததுபோலப் பல நடிகர்கள் பேசும் வடிவிலும் கேட்க முடிகிறது. ஒரே அத்தியாயத்தை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்தக் கட்டுரை சொல்வதில் பாதி விளங்கிவிடும்.

பல குரல் வடிவத்தில் நம்மவர்களுக்கு இயல்பாகவே ஒரு சாய்வு உண்டு. வானொலி நாடகமும், படத்தின் வசனத்தையே ஒலிபரப்பிய ஒலிச்சித்திரமும் கேட்டு வளர்ந்த காது அது. ஆனால் நாவல் நாடகமாக எழுதப்பட்டதல்ல. நடிகர் கோபமாகப் பேசி முடித்த பிறகு வாசிப்பாளர் வந்து “என்று கோபமாகச் சொன்னான்” என்பார். ஒரே செய்தி இருமுறை. அதை வெட்டினால் கதைசொல்லியின் தாளம் உடைகிறது, வைத்திருந்தால் இடிக்கிறது. நடிகர்களைத் தனித்தனி நாளில், தனித்தனி அறையில் பதிவு செய்யும்போது இன்னொரு குறை வரும். கேள்வி ஒரு சுருதியில் ஏறி நிற்க, பதில் வேறொரு உலகத்திலிருந்து வந்து விழும். எதிராளியின் வரியைக் காதில் போட்டுக்காட்டி, அதற்குப் பதிலாகப் பேசவைத்தால் பாதி சரியாகும்.

ஆண், பெண் என இருவரை மட்டும் வைத்து எல்லா உரையாடலையும் பகிர்ந்துகொள்வதும், அத்தியாயத்துக்கு ஒருவர் என மாறுவதும் நடுவழிகள். கணவன் ஓர் அத்தியாயம், மனைவி ஓர் அத்தியாயம் என்று எழுதப்பட்ட நாவலுக்குப் பின்னது அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். தன்மை ஒருமையில் சொல்லப்படும் நாவலுக்குப் பல குரல் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. அங்கே மற்றவர்கள் பேசுவதெல்லாம் ‘நான்’ நினைவிலிருந்து சொல்வது. அந்த ‘நான்’ தன் மாமியாரைப் பேசிக் காட்டும் அளவுக்கு மாமியார் வந்தால் போதும்.

துப்பறியும் கதையில் குரல் பெரிய தொல்லை. முகம் தெரியாத ஆள் தொலைபேசியில் மிரட்டுகிறான். அவன் யாரென்று வாசிப்பாளருக்குத் தெரியும். அதே குரலில் பேசினால் கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார். முற்றிலும் வேறு குரலில் பேசினால் கடைசியில் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். அந்த இடத்தைக் கிசுகிசுப்பாகவோ, குணம் எதுவும் ஒட்டாத தட்டையான குரலிலோ சொல்லிக் கடப்பார்கள். பார்வையற்றோருக்காக பிரிட்டனில் 1935-இல் பேசும் புத்தகச் சேவை தொடங்கியபோது முதலில் வந்த நூல்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்டு’. கதைசொல்லியின் தொனியில் ஒரு நூலிழை பிசகினாலும் மர்மம் குலைந்துபோகும் நாவல் அது. நிறைய நடிக்கும் வாசிப்பாளர் வேண்டுமா, அடக்கி வாசிப்பவர் வேண்டுமா என்ற வழக்கும் பேசும் புத்தகங்களின் அந்தத் தொடக்க காலத்திலிருந்தே உண்டு. நீண்ட நாவலுக்கு அடக்கம்தான் தாங்கும். 10 நிமிடக் காட்சியில் கைதட்டல் வாங்கும் நடிப்பு 10 மணி நேரத்தில் தலைவலி.

மூச்சும் வேகமும்

ஆங்கிலத்தில் ஒரு மணி நேர ஒலிநூலுக்குச் சுமார் 9,300 சொல் என்று கணக்கிடுவார்கள். தமிழில் இந்தக் கணக்கு உதவாது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதும் ஒரு சொல்தான். நாவலின் நடுவிலிருந்து 10 பக்கம் எடுத்து, உரையாடல் மிகுந்ததும் வருணனை மிகுந்ததும் கலந்து வாசித்து, நேரத்தைப் பக்கக் கணக்கால் பெருக்கினால் உண்மையான நீளம் தெரியும்.

எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகும் நீள வாக்கியம் தமிழ் உரைநடையின் அழகு, வாசிப்பாளரின் சோதனை. எழுந்து, கதவைத் திறந்து, எட்டிப் பார்த்து, ஒருவரும் இல்லையென்று கண்டு, திரும்ப வந்து படுத்தான். ஒவ்வொரு காற்புள்ளியிலும் குரல் இறங்கிவிட்டால் கேட்பவர் வாக்கியம் முடிந்ததென்று நினைத்து மனத்தை மூடிவிடுவார், மறுபடி திறக்க வேண்டியிருக்கும். ‘படுத்தான்’ வரும்வரை சுருதி மேலேயே நிற்க வேண்டும். மூச்சை எங்கே எடுப்பது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் வெட்கமில்லை.

இடைவெளிக்கும் அளவு உண்டு. வாக்கியத்துக்கு நடுவே அரை நொடிக்குச் சற்று மேல், பத்திக்கு ஒரு நொடி, காட்சி மாறும் இடத்தில் 2 முதல் 3 நொடி என்பது நடைமுறை. அச்சில் மூன்று நட்சத்திரம் போட்டுக் காட்டும் காட்சி மாற்றத்தை ஒலியில் காட்டுவது இந்த மௌனம் மட்டும்தான். அவசர எடிட்டர் அதை ஒரு நொடியாக வெட்டிவிட்டால் மதுரையில் அழுதுகொண்டிருந்தவள் அடுத்த வாக்கியத்தில் தில்லியில் காபி குடிப்பாள்.

அறை, மைக், மின்விசிறி

கதைக்குள் போன கேட்பவரை வெளியே இழுத்துப் போட ஒரு குக்கர் விசில் போதும். வீட்டில் பதிவு செய்பவர்கள் இரவு 11 மணிக்கு மேல் உட்காருவது இதனால்தான். ஆனால் காக்கையையும் ஒலிபெருக்கியையும்விடத் தொடர்ந்து தொல்லை கொடுப்பது மின்விசிறி. அதை நிறுத்தத்தான் வேண்டும். ஏசியையும் பதிவின்போது நிறுத்தி, 40 நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு அறையைக் குளிர வைத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டரின் ரீங்காரம் காதுக்குத் தெரியாமலே மைக்கில் ஏறும். ஹெட்போனில் கேட்டால்தான் அகப்படும்.

சுவரில் ஒட்டும் மெல்லிய நுரைப்பலகை மேல்சுர எதிரொலியை மட்டும் விழுங்கும். ஆண் குரலின் கீழ்ப்பகுதி பெட்டிக்குள் பேசுவது போலவே நிற்கும். பஞ்சு மெத்தை, கனத்த ஜமுக்காளம், துணி நிறைந்த திறந்த பீரோ இவை அதைவிட நன்றாக வேலை செய்யும். அறை சரியில்லாத இடத்தில் விலை உயர்ந்த கன்டென்சர் மைக்கைவிட டைனமிக் மைக் நல்லது, தெருவைக் குறைவாகவே கேட்கும். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண் தூரம், மூச்சுக் காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர், வாயிலிருந்து சற்றே விலகிய கோணம் இருந்தால் ‘ப’ வெடிக்காது. மைக்கை நெருங்கினால் குரல் கனக்கும். 4-ஆம் நாள் நாற்காலி 5 செ.மீ. முன்னால் நகர்ந்திருந்தால் அத்தியாயங்களுக்கிடையே ஆளே மாறியது போலிருக்கும். தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது இதற்காக.

கத்தும் வசனத்துக்கு ஓரடி பின்வாங்கி முகத்தைத் திருப்ப வேண்டும். கிசுகிசுப்பை உண்மையான கிசுகிசுப்பாகப் பேசினால் பேருந்தில் கேட்பவருக்கு ஒன்றும் விழாது. குரல் கலந்த கிசுகிசுப்பு வேண்டும். நாக்கு ஒட்டும் ‘ச்சக்’ சத்தத்துக்கு அடிக்கடி தண்ணீர், இடையில் ஒரு துண்டு பச்சை ஆப்பிள். பதிவுக்கு முன் பாலும் தயிரும் வேண்டாம். பட்டுப்புடவை, மொடமொட வேட்டி, வளையல் மூன்றும் மைக்குக்கு விரோதி.

வெட்டுவதும் ஒட்டுவதும்

நாவல் பதிவில் தவறும்போது நின்று, இரண்டு மூன்று நொடி பின்னால் போய், முந்தைய சொற்களைக் கேட்டுக்கொண்டே அதே மூச்சில் தொடர்ந்து பதிவது இப்போது பரவலான முறை. தவறுகளையெல்லாம் விட்டுவைத்துப் பின்னால் வெட்டுவதைவிட இது தாளத்தைக் காப்பாற்றும். இப்படிச் செய்தாலும் ஒரு மணி நேர ஒலிநூலுக்குப் பதிவு 2 மணி, எடிட்டிங் 3 மணி, பிழை கேட்பது 1 மணி என்று 6 மணி நேர உழைப்பு ஆகிவிடுகிறது.

இரைச்சலைத் துடைக்கும் மென்பொருளை அளவுக்கு மீறிப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். சொற்களுக்கு இடையே மௌனத்தை முழுப் பூஜ்ஜியமாக்கும் ‘கேட்’ என்ற மென்பொருள் வசதி இன்னும் மோசம்; ஒவ்வொரு இடைவெளியிலும் கைப்பேசி நின்றுவிட்டதோ என்று கேட்பவர் பார்ப்பார். அதற்குப் பதில், யாரும் பேசாத அறையை 30 விநாடி பதிந்துவைத்து, வெட்டிய இடங்களில் அந்த வெற்றொலியை நிரப்புவார்கள். மூச்சுகளையும் எல்லாம் அழித்துவிடக் கூடாது. பயந்தவள் மூச்சு விடாமல் பேசினால் பயம் வராது.

ஒலி அளவுக்கு, ஒலிநூல் விற்கும் ஆடிபிள் நிறுவனத்தின் தயாரிப்புத் தளமான ஏசிஎக்ஸ் வைத்திருக்கும் வரம்பைப் பலரும் பின்பற்றுகிறார்கள். சராசரி அளவு -23 முதல் -18 டெசிபலுக்குள், உச்சம் -3 டெசிபலைத் தாண்டாமல், பின்னணி இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே. இதை அத்தியாயம் அத்தியாயமாகச் சரிபார்க்காவிட்டால், இரவில் காதில் மாட்டிக்கொண்டு படுத்திருப்பவரை 7-ஆம் அத்தியாயம் உலுக்கி எழுப்பும்.

பின்னணி இசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழ் ஒலிக்கதைகளில் வீணையோ புல்லாங்குழலோ ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பது ஒரு நோயாகவே ஆகிவிட்டது. மெல்லிய இசைகூட ‘ந’, ‘ம’, ‘ல’ போன்ற மெல்லொலிகளை மூடிவிடும். கேட்பவர் அறியாமலே உன்னிப்பாகக் கேட்டுக் களைத்துப்போவார். அதே 40 விநாடித் துண்டு சுற்றிச் சுற்றி வருவது மூன்றாம் சுற்றில் தெரிந்துவிடும். 1.25, 1.5 மடங்கு வேகத்தில் கேட்பவருக்குக் குரல் தாங்கும், இசை தாளம் கெட்டு ஓடும். இடி, குதிரைக் குளம்பு, கதவுச் சத்தம் சேர்ப்பதும் இப்படித்தான்: “கதவு கிறீச்சிட்டது” என்று ஆசிரியர் எழுதிவிட்ட பிறகு கதவும் எதற்குக் கிறீச்சிட வேண்டும்? தொடக்கத்திலும் முடிவிலும் சில விநாடி இசை, பாகம் மாறும் இடத்தில் ஒரு கீற்று. அதற்கு மேல் போனால் அது நாவல் மேல் நம்பிக்கையில்லாத தயாரிப்பு.

இயந்திரக் குரல்கள் தமிழிலும் இப்போது வாசிக்கின்றன. செய்திக் குறிப்புக்கு அவை போதும். மேலே சொன்ன பாட்டிலும் பந்துவும் வரும் இடத்திலும், எழுத்துத் தமிழிலிருந்து பேச்சுத் தமிழுக்குத் தாவும் இடத்திலும்தான் அவை சறுக்குகின்றன. நாவலில் பக்கத்துக்குப் பத்து முறை அந்தத் தாவல் உண்டு.

கடைசி வேலை, நூலைக் கையில் வைத்துக்கொண்டு வேறொருவர் முழுதும் கேட்பது. வாசித்தவரே கேட்டால் தன் பிழையைத் தன் காது திருத்திக்கொண்டே போகும். விட்டுப்போன வரி, மாறிய சொல், சத்தம், ஒட்டுத் தெரியும் இடம் எல்லாம் நிமிடம், விநாடியோடு தாளில் ஏறும். அந்தத் திருத்தங்களை ஒருசேரப் பதிவு செய்யும்போது அதே மைக், அதே தூரம், கூடுமானால் அதே வேளை. காலைக் குரல் கனமானது, மாலைக் குரல் இளகியது. முந்தைய இரண்டு வாக்கியங்களைக் காதில் ஓடவிட்டு அதன் வாலிலேயே பேசிச் சேர்த்தால்தான், மூன்று வாரம் கழித்துப் பதிந்த “என்றாள்” அன்றைக்கே சொன்ன “என்றாள்” போல உட்காரும்.